கான்பூர் 1925, சென்னை 1936: நடுவில் தமிழ்நாட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு என்ன ஆயிற்று?

நீங்கள் கேட்டதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். 1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சென்னைக்காரரான சிங்காரவேலர். அப்படியிருந்தும் சென்னையில் கட்சியின் முறையான கிளை 1936-ல்தான் அமைந்தது என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. நடுவில் இருந்த பத்துப் பதினோரு வருஷம் கட்சி எங்கே போயிற்று, 1935-ல் பெரியார் பொதுவுடைமைப் பிரச்சாரத்திலிருந்து பின்வாங்காமல் இருந்திருந்தால் இங்கே கட்சி முன்பே வேர் பிடித்திருக்குமா என்பது உங்கள் கேள்வி. முதல் பாதிக்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவது பாதி ஊகம் கலந்தது. அதை ஊகம் என்று சொல்லிவிட்டே பேசுகிறேன்.

சுருக்கமாக: அந்த வருஷங்கள் வெற்றிடம் இல்லை. பொதுவுடைமைக் கருத்து இங்கே ஒரு வழியாக வந்தது, கட்சி அமைப்பு வேறொரு வழியாக வந்தது. கருத்து சிங்காரவேலர் வீட்டு நூலகத்திலிருந்தும் பெரியாரின் ஈரோட்டு அச்சகத்திலிருந்தும் வந்தது. அமைப்பு, காங்கிரஸுக்குள்ளேயே சோசலிஸ்டுகள் நடத்திய காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சி என்ற கூரைக்கு அடியில் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தது 1936-ல். நெடுநாள் தொழிற்சங்க வரலாற்றைப் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தக் காலத்துக்கு நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகைச் சான்றுகள்தான்: போலீஸ் அறிக்கைகள், பின்னாளில் தலைவர்கள் எழுதிய நினைவுகள். போலீஸ்காரர் எங்கே பார்த்தாலும் சதி தெரிந்தது. தலைவர்களுக்கு எங்கே பார்த்தாலும் கட்சி தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ஏதாவது பிடிபடும்.

முதலில் 'கட்சி எப்போது தொடங்கியது' என்பதிலேயே தகராறு இருக்கிறது, அதை ஓரமாக வைத்துவிடுவோம். 1920 அக்டோபர் 17-ல் தாஷ்கண்டில் எம்.என். ராயும் வேறு சிலரும் சேர்ந்து ஒரு கட்சியை அமைத்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சி அந்த நாளைத்தான் தொடக்கமாகக் கொள்கிறது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியோ 1925 டிசம்பர் 26-ஐக் கொள்கிறது, அதாவது கான்பூர் மாநாட்டு நாளை. இதில் எது சரி என்பது ஆவணத்தை வைத்துத் தீர்க்கக்கூடிய வழக்கு இல்லை. எதைக் கட்சி என்று கூப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. நமக்கு இங்கே சுவாரஸ்யமானது வேறு: இரண்டு கணக்கிலும் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். தாஷ்கண்ட் எழுவரில் ஒருவர் எம்.பி.டி. ஆச்சார்யா. பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகையோடு தொடர்புடையவர், அது புதுச்சேரிக்குப் போனபோது கூடவே போனவர். ராயோடு ஒத்துப்போகாமல் விலகி, பின்னாளில் அரசு என்பதே வேண்டாம் என்னும் அராஜகவாதியாகிவிட்டார். அவரால் தமிழ்நாட்டில் ஒரு கிளையும் முளைக்கவில்லை. ஆக, மேலே தலைமையில் நம்மவர் ஒருவர் இருந்தார் என்பதற்கும் கீழே அமைப்பு இருந்தது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. சிங்காரவேலர் விஷயத்திலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்காரவேலர் 1860-ல் பிறந்தவர். மீனவர் குலம், உயர்நீதிமன்ற வக்கீல், பௌத்த ஈடுபாடு, டார்வினைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது வக்கீல் தொழிலைப் பகிரங்கமாக விட்டார். 1922 டிசம்பரில் கயா காங்கிரஸில் எழுந்து, உலகக் கம்யூனிஸ்டுகளின் பெயரால் பேசுகிறேன் என்று அறிவித்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இளைஞர்கள் தொடங்கிய இயக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு இங்கே ஒரு தாத்தா அடிக்கல் நாட்டினார்.

1923 மே 1-ல் அவர் சென்னையில் இரண்டு கூட்டங்கள் நடத்தினார். ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில், இன்னொன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில். இந்தியாவில் மே தினம் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது அன்றுதான் என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. அன்றே 'இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி' என்ற ஒன்றையும் அறிவித்தார். கொடிக்குத் துணி கிடைக்காமல் மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினார் என்று மேடைதோறும் சொல்வார்கள். நல்ல கதைதான், நடந்தும் இருக்கலாம். ஆனால் கூட்டங்கள் நடந்ததற்கு இருக்கிற அளவுக்குச் சேலைக்குச் சான்று கிடையாது. கட்சி அறிவிக்கப்பட்டது உண்மை. அது ஒரு கட்சியாக இயங்கியதா என்றால், கிளை, சந்தா, உறுப்பினர் என்று நாம் எதிர்பார்க்கும் எதுவும் அதில் பெரிதாக இல்லை. ஒரு வீடு, ஒரு பெரிய நூலகம், ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாகப் பத்திரிகை, சுற்றிச் சில நண்பர்கள். அவ்வளவே.

ஏன் அது வளரவில்லை என்பதற்குச் சென்னை ஆலைகளின் நிலைமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியாகிவிட்டது. வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, அப்புறம் திரு.வி.க. பெரம்பூர் பக்கிங்காம் - கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களே அதன் உயிர். இந்தியாவில் ஒழுங்கான தொழிற்சங்கங்களில் இதுவே முன்னோடி என்று சொல்வதில் தவறில்லை. அப்படியொரு சங்கம் 1921-ல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தில் உடைந்தது. நிர்வாகமும் போலீஸும் ஒரு காரணம். ஆனால் நடுமுதுகில் விழுந்த அடி வேறு. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். சாதி இந்துத் தொழிலாளர்கள் தொடர்ந்து வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆதிதிராவிடர்கள் ஏன் திரும்பினார்கள் என்பதற்குக் 'கருங்காலித்தனம்' என்ற ஒரே வார்த்தையில் பதில் சொன்ன காலமும் உண்டு. என்னால் அதை ஏற்க முடியாது. கையில் சேமிப்பு இல்லாதவனுக்கு, ஊரில் தாங்கிப்பிடிக்கச் சொந்தக்காரரின் நிலம் இல்லாதவனுக்கு, சங்கத் தலைமையில் தன் ஆள் ஒருவரும் இல்லாதவனுக்கு, நாலு மாதம் பட்டினி கிட என்று சொல்வது வேறு விஷயம். சிங்காரவேலர் இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர். கான்பூர் தலைமையுரையில் தீண்டாமையைப் பற்றிப் பேசவும் செய்தார், ஆனால் அதை அடிப்படையில் பொருளாதாரப் பிரச்சினையாகவே வைத்தார். பிற்காலத்தில் சுயமரியாதைக்காரர்களோடு பழகியபோது அவருடைய பேச்சில் சாதிக்குக் கூடுதல் இடம் கிடைத்தது.

இதற்கு நடுவே அரசு சும்மா இருக்கவில்லை. 1924-ல் கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் சிங்காரவேலர் பெயரும் இருந்தது. உடல்நலமில்லை என்ற காரணத்தால் அவர் மீதான வழக்கு நடத்தப்படவில்லை. டாங்கே, முசாபர் அகமது, ஷௌகத் உஸ்மானி, நளினி குப்தா ஆகிய நால்வருக்கு நான்காண்டு சிறை. அதே பட்டியலில் இருந்த ஆர்.சி. சர்மா புதுச்சேரியில் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்ததால் பிரிட்டிஷ் போலீஸ் தொட முடியவில்லை. ஐரோப்பாவிலிருந்து ராய் அனுப்பும் கடிதங்களும் பத்திரிகைகளும் உள்ளே வரும் வாசல்களில் புதுச்சேரியும் ஒன்று. இந்த ஊரைப் பிறகு ஒருமுறை பார்ப்போம்.

கான்பூர் மாநாடே ஒரு விசித்திரம். வழக்கு நடந்து ஒன்றரை வருஷத்தில் அதே ஊரில் வெளிப்படையாகக் கம்யூனிஸ்ட் மாநாடு! கூட்டியவர் சத்யபக்தா. மாஸ்கோவோடு தொடர்பில்லாத, சட்டத்துக்கு உட்பட்ட சுதேசிக் கம்யூனிஸ்ட் கட்சி வேண்டும் என்பது அவர் எண்ணம். வந்தவர்களில் பம்பாய், வங்காளக் குழுவினர் அதை ஏற்கவில்லை. பெயர் விஷயத்திலேயே சண்டை வந்து சத்யபக்தா வெளியேறினார். எஸ்.வி. காட்டேயும் பகர்ஹட்டாவும் செயலாளர்கள் ஆனார்கள். இந்தப் பகர்ஹட்டா போலீஸுக்குத் தகவல் கொடுப்பவர் என்ற சந்தேகம் பின்னால் எழுந்து அவரும் ஒதுங்கினார். செயலாளர் இருவரில் ஒருவர் மீதே உளவாளி என்ற நிழல் விழுந்த ஒரு கட்சி, சென்னையில் கிளை அமைக்கவில்லையே என்று நாம் ஆச்சரியப்படத் தேவையில்லை.

அடுத்த மூன்று வருஷம் கம்யூனிஸ்டுகள் உண்மையில் வேலை செய்தது 'தொழிலாளர் விவசாயிகள் கட்சி' என்ற பெயரில். வங்காளம், பம்பாய், பஞ்சாப், ஐக்கிய மாகாணம் ஆகிய இடங்களில் அது நடந்தது. சென்னை மாகாணத்தில் கால்கொள்ளவில்லை. பம்பாயில் கிர்னி காம்கார் சங்கம் லட்சக்கணக்கான நெசவாலைத் தொழிலாளர் நடுவே எழுந்தது போல இங்கே எதுவும் எழவில்லை. பம்பாய் அளவுக்கு ஆலைகளும் இங்கே இல்லை. கோவையில் ஆலைகள் பெருகியதே 1930-களில்தான், பைக்காரா மின்சாரம் வந்த பிறகு.

ஆனாலும் ஒரு பெரிய சந்தர்ப்பம் வந்தது: 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் இருந்த பணிமனைகளைத் திருச்சி பொன்மலையில் ஒன்றாகச் சேர்த்து, கையோடு ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைக்கக் கம்பெனி முடிவு செய்தது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதற்குத் தொழில் தேர்வு வைப்போம் என்றார்கள். இருபது வருஷம் பட்டறையில் கை கறுத்தவனைப் பார்த்து உனக்கு வேலை தெரியுமா என்று பரீட்சை வைத்தால் எப்படி இருக்கும்? ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பத்து நாள் போல நடந்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். அரசு ஆயுதப் போலீஸை இறக்கியது, தலைவர்களைக் கைது செய்தது, போராட்டம் சரிந்தது. சிங்காரவேலருக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்து 1930-ல் வெளியே வந்தார். எழுபது வயது. உடம்பு தளர்ந்துவிட்டது. என் கணிப்பில், தமிழ்நாட்டில் தொழிற்சங்கத்தின் வழியாகவே கட்சி உருவாகியிருக்கக்கூடிய ஒரே தருணம் அதுதான். அந்தப் பத்து நாளில் அது போயிற்று.

1929 மார்ச்சில் மீரட் சதி வழக்குக் கைதுகள். நாடெங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட தொழிற்சங்கத் தலைவர்களை ஒரே நேரத்தில் அள்ளிக்கொண்டு போனார்கள். வழக்கு நாலு வருஷம் இழுத்தது. வெளியே மிஞ்சியவர்களோ, 1928-ல் மாஸ்கோவிலிருந்து இயங்கிய உலகக் கட்சிகளின் அமைப்பான கம்யூனிஸ்ட் அகிலம் எடுத்த கடுமையான நிலைப்பாட்டின்படி காங்கிரஸை எதிரியாகவே பார்க்கத் தொடங்கினார்கள். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் நாட்டையே கிளப்பியபோது கம்யூனிஸ்டுகள் ஓரத்தில் நின்றார்கள். அந்த வருஷங்களில் கட்சி சுருங்கியதற்குப் போலீஸ் எவ்வளவு காரணமோ அவ்வளவு இதுவும் காரணம் என்று பின்னாளில் கட்சிக்காரர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் சென்னைக்கு வந்து சேர்ந்த ஆள் அமீர் ஹைதர் கான். ராவல்பிண்டிப் பக்கத்துக்காரர், கப்பல் தொழிலாளி, அமெரிக்காவில் வேலை பார்த்தவர், மாஸ்கோவில் படித்தவர். மீரட் வழக்கில் தேடப்பட்டவர் தப்பி வெளிநாடு போய், 1931-ல் திரும்பியபோது பம்பாய் பக்கம் தலைகாட்ட முடியாமல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். தமிழ் தெரியாது, தெலுங்கு தெரியாது. சங்கர் என்ற பெயரில் தலைமறைவாக இருந்துகொண்டு இளம் தொழிலாளர் சங்கம் என்ற ஒன்றைக் கட்டினார். பின்னாளில் ஆந்திரக் கம்யூனிஸ்ட் தலைவரான சுந்தரய்யாவை இயக்கத்துக்குக் கொண்டுவந்ததில் இவர் பங்கு பெரிது. 1932-ல் பிடிபட்டார். தென்னிந்தியக் கட்சியின் மூதாதையரைப் பட்டியலிடும்போது இந்தப் பஞ்சாபி முஸ்லிம் மாலுமியை நம்மவர்கள் ஏனோ கடைசி வரியில் வைக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

சரி, பெரியாருக்கு வருவோம். உங்கள் கேள்வியின் சூடான பகுதி இதுதான். உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கம் 1931-ல் பெரியாரின் 'குடி அரசு' இதழில் வரத் தொடங்கியது. அந்த வருஷக் கடைசியில் அவர் கப்பலேறினார். எகிப்து, கிரேக்கம், துருக்கி வழியாகச் சோவியத் நாட்டுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினார்; ஜெர்மனி, இங்கிலாந்து பார்த்து 1932 நவம்பரில் திரும்பினார். வந்ததும் இயக்கத்தவர் ஒருவரையொருவர் 'தோழர்' என்றே அழைக்க வேண்டும் என்று எழுதினார். டிசம்பர் 28, 29-ல் ஈரோட்டில் அவர் வீட்டில் கூடி, சிங்காரவேலரின் பங்களிப்போடு சமதர்மத் திட்டத்தை வகுத்தார்கள். ஈரோட்டுத் திட்டம் என்று அழைப்பது அதைத்தான்.

அந்த வருஷத்துக் 'குடி அரசு' இதழ்களை வரிசையாகப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஒரு பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்தில் புரோகிதர் இல்லாமல் நடந்த கல்யாணச் செய்தி. பக்கத்திலேயே சிங்காரவேலர் உலகப் பொருளாதார மந்தத்தை விளக்கும் கட்டுரை, கடவுள் உண்டா என்று இன்னொரு கட்டுரை. ஆங்கிலம் அறியாத நெசவாளியும் சிறு கடைக்காரரும் ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் மார்க்ஸ் பெயரை முதலில் அறிந்தது இந்தப் பக்கங்களில்தான். பம்பாயிலோ கல்கத்தாவிலோ அப்போது பொதுவுடைமை எழுத்துக்கு இப்படியொரு வாசகர் கூட்டம், கிராமம் வரை நீண்ட ஒன்று, இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கட்சி இல்லை, ஆனால் கட்சிக்கு வேண்டிய காது இங்கே தயாராகிக்கொண்டிருந்தது.

அரசு இதைக் கவனித்தது. 1933 கடைசியில் 'இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?' என்ற தலையங்கத்துக்காகப் பெரியாரும், வெளியீட்டாளர் என்ற முறையில் அவர் தங்கை கண்ணம்மாளும் கைதாகிச் சிறை சென்றார்கள். 'குடி அரசு' நின்று 'புரட்சி' வந்தது; பிறகு 'பகுத்தறிவு'. 1934 ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சி நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. அடுத்து பகத்சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' கட்டுரையைச் சுயமரியாதை இயக்கத்தின் இளைஞர் ஜீவா (ப. ஜீவானந்தம்) தமிழில் பெயர்க்க, அதை வெளியிட்ட பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியும் ஜீவாவும் கைதானார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்து வெளியே வரச்சொல்லிப் பெரியார் ஆலோசனை சொன்னார் என்பதும், ஜீவா மனம் கசந்தார் என்பதும் இரு தரப்பிலும் சொல்லப்படுகிறது. 1935 மார்ச்சில் பெரியார், பொதுவுடைமைப் பிரச்சாரத்தை நிறுத்திக்கொண்டு சமூகச் சீர்திருத்தத்தில் கவனம் செலுத்துவதாக வெளிப்படையாகவே எழுதினார்.

ஏன் என்பதில்தான் கருத்து பிரிகிறது. இயக்கத்தையே தடை செய்துவிடுவார்கள், பத்து வருஷ வேலை பாழாகும் என்ற கணக்கு என்பார்கள் ஒரு தரப்பார். அது பெரியாரே சொன்ன காரணம். நீதிக்கட்சியோடு உறவைக் காப்பாற்றிக்கொள்ள ஜமீன்தார்களை அனுசரித்துப் போனார் என்பார்கள் மறு தரப்பார். ஜீவா சொன்னது அது. நான் இரண்டையும் எதிரெதிர்க் காரணமாகப் பார்க்கவில்லை. 1934 தடைக்குப் பிறகு அடக்குமுறை பயம் வெறும் சாக்கு இல்லை, கண்கூடு. அதேசமயம், காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தால் பார்ப்பன ஆதிக்கம் திரும்பும் என்று நினைத்தவருக்கு நீதிக்கட்சி தேவைப்பட்டது, அதுவும் உண்மை. எது எத்தனை சதவீதம் என்று அளந்து சொல்வதற்கு அவர் மனதுக்குள் புகுந்தவர் யாரும் இல்லை. நம்பிக்கையாகச் சொல்லக்கூடியது இதுதான்: பெரியார் ஒருபோதும் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராகவோ அதன் கட்டுப்பாட்டை ஏற்றவராகவோ இருந்ததில்லை. எனவே 'துரோகம்' என்ற வார்த்தை பொருந்தாது. தன் இயக்கத்தின் வேகத்தைத் தானே குறைத்தார், அவ்வளவுதான்.

அவர் குறைத்துக்கொண்டபோது வண்டியிலிருந்து இறங்கியவர்கள் முக்கியமானவர்கள். ஜீவா பூதப்பாண்டிக்காரர், சிராவயலில் ஆசிரமம் நடத்திய காந்தியவாதி, பிறகு சுயமரியாதைக்காரர். 1932-ல் சிறையில் வடநாட்டுப் புரட்சியாளர்களோடு பழகி இடதுபக்கம் சாய்ந்தவர். அவரும் நண்பர்களும் சுயமரியாதை சமதர்மக் கட்சி என்று தனியாக நின்றார்கள். எத்தனை நாள் தனியாக நிற்க முடியும்? 1936-ல் டாங்கே கலந்துகொண்ட திருச்சி மாநாட்டில் அதைக் காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியோடு இணைத்தார்கள்.

ஏன் சரியாக 1936? இதற்கு உள்ளூர்க் காரணம் மட்டும் போதாது. 1935-ல் கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஏழாவது காங்கிரஸ் பாசிசத்துக்கு எதிராக மக்கள் முன்னணி என்ற புதிய பாதையை வகுத்தது. 1936 தொடக்கத்தில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளான தத்தும் பிராட்லியும் எழுதிய அறிக்கை, காங்கிரஸுக்குள்ளேயே போய் வேலை செய்யுங்கள் என்றது. அதே சமயத்தில் மீரட்டில் கூடிய காங்கிரஸ் சோசலிஸ்ட் மாநாடு கம்யூனிஸ்டுகளைச் சேர்த்துக்கொள்ள ஒப்பியது. தடை செய்யப்பட்ட கட்சிக்கு ஒரேயடியாகச் சட்டபூர்வமான மேடை, அலுவலகம், பத்திரிகை எல்லாம் கிடைத்துவிட்டது. மீரட் வழக்கில் சிறை சென்று வந்த காட்டே சென்னையில் தங்கி, சுந்தரய்யாவின் உதவியோடு ரகசியக் கிளையை அமைத்தார். பி. ராமமூர்த்தி, ஜீவா, பி. சீனிவாசராவ், கே. முருகேசன், சி.எஸ். சுப்பிரமணியம், ஏ.எஸ்.கே. அய்யங்கார் என்று அடையாளம் தெரிந்த பெயர்கள். இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: காங்கிரஸ் சத்தியாக்கிரகி, சுயமரியாதைக்காரர், இங்கிலாந்தில் படித்து வந்தவர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாசலால் நுழைந்திருக்கிறார்கள். மேலே வெளிப்படையாகக் காங்கிரஸ் சோசலிஸ்ட், உள்ளே ரகசியமாகக் கம்யூனிஸ்ட். வெளியே தெரிந்தால் வேலையும் போகும், ஆளும் போவார்.

அந்த ஜூலை மாதம் புதுச்சேரியில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை கேட்டு ஆலைத் தொழிலாளர் உள்ளே உட்கார்ந்து போராடினார்கள். வழிநடத்தியவர் வ. சுப்பையா. ஜூலை 30-ல் சவானா ஆலையில் பிரெஞ்சுப் படை சுட்டு 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாரிஸில் அப்போது ஆட்சியில் இருந்தது சோசலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளின் ஆதரவும் சேர்ந்த மக்கள் முன்னணி அரசு, அதுதான் இதில் வேடிக்கையும் வேதனையும். அந்த அரசின் மீது வந்த நெருக்கடியால் அடுத்த ஆண்டே தொழிற்சட்டங்கள் வந்தன, எட்டு மணி நேர வேலை உட்பட. பிரிட்டிஷ் இந்தியத் தொழிலாளிக்கு அப்போது அது கனவு.

சென்னை மாகாணத்தில் 1937 ஜூலையில் ராஜாஜி அமைச்சரவை. அந்த நவம்பரில் 'ஜனசக்தி' வார இதழ் தொடங்கியது, ஜீவா ஆசிரியர். கோவை, மதுரை ஆலைகளில் அடுத்தடுத்து வேலைநிறுத்தங்கள். காங்கிரஸ் அரசு வந்துவிட்டது, இனிக் கேட்டால் கிடைக்கும் என்று தொழிலாளி நினைத்தான், சங்கம் சேர்ந்தான். அந்தச் சங்கங்களில்தான் கம்யூனிஸ்டுகள் கால் ஊன்றினார்கள். ராஜாஜிக்கு இது பிடிக்கவில்லை என்பதை மறைக்கவும் இல்லை. காங்கிரஸ் சோசலிஸ்ட் பாட்லிவாலா பேசிய பேச்சுக்காக அவரை ராஜத்துரோகச் சட்டத்தில் கைது செய்தது வெள்ளைக்காரன் அல்ல, காங்கிரஸ் அரசு. நாடெங்கும் காங்கிரஸ்காரர்களே முகம் சுளித்தார்கள்.

இனி, பெரியார் பின்வாங்காமல் இருந்திருந்தால் என்ற ஊகம். என் கருத்து, கட்சி அமைப்பு முன்னதாக வந்திருக்காது. 1934 தடையையும் அகிலத்தின் அப்போதைய நிலைப்பாட்டையும் ஈரோட்டிலிருந்து யாரும் மாற்றியிருக்க முடியாது. பெரியார் உறுதியாக நின்றிருந்தால் இயக்கமும் தடையாகி, அவரும் நெடுநாள் உள்ளே இருந்திருப்பார் என்பதற்கே வாய்ப்பு அதிகம். நட்டம் வேறிடத்தில் நேர்ந்தது. கட்சி காங்கிரஸ் கூரையின் கீழ் பிறந்ததால், 1938-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் தெருவுக்கு வந்தபோது கம்யூனிஸ்டுகள் காங்கிரஸுக்குள் இருந்தார்கள். நாலு வருஷத்துக்கு முன் அவர்கள் எழுத்தை 'குடி அரசு'வில் படித்த வாசகன் எதிர்ப்பக்கம் இருந்தான். கருத்தைக் கேட்டுப் பழகிய கூட்டமும் அமைப்பைக் கட்டிய கூட்டமும் பிரிந்துபோயின. இது என் வாசிப்பு. கட்சி வரலாறுகள் இதை இந்த அளவுக்கு அழுத்திச் சொல்வதில்லை.

பக்கத்து மலபாரோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே 1937-ல் கிருஷ்ண பிள்ளை, ஈ.எம்.எஸ்., தாமோதரன், என்.சி. சேகர் ஆகியோரோடு சிறு ரகசியக் குழுவாகத் தொடங்கி, 1939 டிசம்பரில் பிணறாயி பாறப்புறம் கூட்டத்தில் காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சி கிட்டத்தட்ட முழுசாகவே கம்யூனிஸ்ட் கட்சியாக மாறியது. காரணம், அங்கே மாகாணக் காங்கிரஸின் கீழ்மட்டமே இடதுசாரிகள் கையில் இருந்தது, விவசாயிகள் சங்கமும் கையில் இருந்தது. இங்கே காங்கிரஸ் ராஜாஜி, சத்தியமூர்த்தி கையில் இறுக்கமாக இருந்தது. கம்யூனிஸ்டுகள் நகரத்து ஆலைகளிலும் அச்சகங்களிலும் டிராம் பணிமனையிலும் இருந்தார்கள், வயலில் இல்லை. 1939 செப்டம்பரில் போர் தொடங்கி, இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில் தலைவர்களைப் பிடிக்க ஆரம்பித்தபோது நிலைமை இதுதான். தஞ்சாவூர்ப் பண்ணையாட்கள் நடுவே, பெரும்பாலும் ஆதிதிராவிடர்கள் நடுவே, சீனிவாசராவ் போய் உட்கார்ந்தது 1943-ல். 1921-ல் புளியந்தோப்பில் உடைந்ததை இணைக்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்கியது. அது உங்கள் கேள்வியின் காலத்தைத் தாண்டியது. தனியாகக் கேட்டால் எழுதுகிறேன்.